ஏற்றத்தில் இருக்கிறேன்

ஓய்வு பெறுகிறேன் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் மஸ்கெலியாவுக்கு மேலே, தோட்டத்தின் பழைய பிள்ளைமடுவத்தில், அதாவது ஒரு காலத்தில் குழந்தைக் காப்பகமாக இருந்த கட்டடத்தில், இருக்கும் நம் தரைநிலையத்தைப் பொறுத்தவரை நான் இனிப் பழைய ஆள்தான். அடுத்த மாதம் வேறொரு நாட்டுக்குப் போகிறேன். நிலவில் இறங்கப்போகும் ஓர் ஊர்தியை ஓட்டும் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது. பெட்டி கட்ட வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால், புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை என்று அர்த்தம்.

அன்டெனாவை எப்படித் திருப்புவது, அலைவரிசையை எப்படிச் சரிசெய்வது என்பதையெல்லாம் நில்மினி சொல்லித் தருவாள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவாள். நான் சொல்லப்போவது ஒரு காலைப்பொழுதைப் பற்றி. அந்தக் காலையில் நம் நிலையத்தின் பெயர், ஒரு செயற்கைக்கோளின் உயிர், கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் ஒரே கம்பத்தில் வந்து மாட்டிக்கொண்டன.

முதலில் அந்தக் கோளைப் பற்றி. நான்கு நாட்டு மாணவர்கள் சேர்ந்து செய்தது அது. அளவில் ஒரு இறாத்தல் பாண், அதாவது ஒரு முழு ரொட்டி, போலத்தான் இருக்கும். அதனால் நாங்கள் அதைப் பாண் என்றே கூப்பிட்டோம். போர்த்துக்கலில் அதன் மூளையைச் செய்தார்கள். தாய்லாந்தில் வானொலிப் பகுதி. பிரேசிலில் உடல். நம் பங்கு, அதன் பக்கவாட்டில் மடித்து வைத்திருந்த சூரியத் தகட்டைத் திறக்கும் சின்னப் பூட்டு. ஒரு நூல் தகட்டை இழுத்துப் பிடித்திருக்கும். விண்வெளிக்குப் போனதும் சூடான கம்பி அந்த நூலை எரிக்கும், தகடு விரியும். அவ்வளவுதான் வேலை. அந்தப் பூட்டைச் செய்தவன் புஷ்பராஜ். உங்களில் பலர் அவனைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலேயே பிறந்து, பேராதனைக்குப் போய்ப் படித்து, திரும்பி வந்து நம் நிலையத்தில் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்தவன்.

விண்வெளி நிலையத்தில் இருந்த வீரர்கள்தான் பாணை வெளியே அனுப்பினார்கள். இயந்திரக் கை அதைப் பிடித்து மெதுவாகத் தள்ளிவிட்டதைத் திரையில் பார்த்தோம். புஷ்பராஜ் அன்றைக்கு அழுதான். "தூசி விழுந்துருச்சி" என்றான். நாங்களும் தூசி என்றே ஒத்துக்கொண்டோம்.

ஆனால் நூல் எரியவில்லை. தகடு திறக்கவில்லை. பாண் அரைப்பட்டினியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெயிலில் இருக்கும்போது உடம்பில் ஒட்டியிருந்த சிறு தகடுகளால் கொஞ்சம் விழிக்கும், நிழலுக்குள் போனதும் தூங்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் குரல் மெலிந்துகொண்டே போனது. "நூலை மறுபடி எரி" என்று கீழேயிருந்து கட்டளை அனுப்ப வேண்டும். அதுவும் அது விழித்திருக்கும் நேரத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தால், அது நன்றாக விழித்திருப்பது நம் மலைக்கு மேலேயும் அதற்குப் பிறகு தாய்லாந்துப் பக்கமும்தான். அந்தக் காலை பத்து மணியளவில் அது நம் தலைக்கு மேலே கடந்துபோகும் அந்த ஒரு கடப்பு தவறினால், மறுநாள் அது உயிரோடு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பினால் கோளுக்கு இரண்டுமே குழம்பிவிடும். ஆகவே ஒருவர்தான் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். யார் பேசுவது என்பதை ஒருங்கிணைப்பாளர் தீர்மானிப்பார். அவர் லிஸ்பனில் இருந்த ஒரு பெண்மணி. நாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை. ஒருபோதும் உயராத குரல். கடப்புக்கு முன்னால் இணையத்தில் எல்லா நிலையங்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். தயார் என்றால் தயார். இல்லை என்றால் இல்லை. மூன்றாவது பதில் கிடையாது. முதலில் ஹட்டன், அதாவது பக்கத்து நகரத்தின் பெயரால் நாங்கள். ஹட்டன் தயார் என்றால் தாய்லாந்து தன் ஒலிபரப்பியை அணைத்துவிடும். மறுபடி அதைச் சூடாக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

அன்று பனிமூட்டம் அறையின் ஜன்னல்வரை வந்து நின்றது. எங்கள் அன்டெனா ஒரு வாரமாகத் திரும்பாமல் கொத்மலைப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தது. மின்சார வேலைக்காக அதை நிறுத்தி வைத்திருந்தோம். கடைசிச் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. யாராவது கம்பத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்து எல்லாம் சரி என்று சொல்ல வேண்டும். நில்மினி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் நுவரெலியாக்காரி. சிங்களமும் தமிழும் கலந்து வேகமாகப் பேசுவாள். நான் பாதை காட்டும் கணினியில் இருந்தேன்.

அவள் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் லிஸ்பன் குரல் வந்தது. "ஹட்டன்?"

"தயார்" என்றான் புஷ்பராஜ்.

"தாய்லாந்து, நீங்கள் கேளுங்கள். ஹட்டன் பேசட்டும்."

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். "என்னடா, நில்மினி இன்னும் கம்பத்துக்கிட்டயே போயிருக்க மாட்டா."

"போய்க்கிட்டுத்தானே இருக்கா? பேரு கூப்புட்டா பதில் சொல்லணும் ரேணு. பேசாம இருந்தா இல்லன்னு போட்டுருவாங்க."

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்கிறேன். காலையில் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில், பெயர் கூப்பிடும்போது பாதிப் பேர் இன்னும் லயத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருப்பார்கள். பிள்ளைக்குச் சோறு கட்டியிருப்பார்கள், இடுப்பில் கட்டும் படங்கைத் தேடியிருப்பார்கள். பெயர் காதில் விழுந்ததும் மலை ஏற்றத்தில் நின்றபடியே "வந்துட்டேங்க!" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். கங்காணிக்கும் தெரியும், ஆள் இன்னும் மேட்டில்தான் இருக்கிறது என்று. ஆனாலும் பெயரைப் போட்டுவிடுவார். சத்தம் வராவிட்டால்தான் அரைப் பேர், அரை நாள் கூலி. அங்கே யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. சத்தம் கொடுத்தவர் மூச்சிரைக்க வந்து நிற்பார், அது நிச்சயம். புஷ்பராஜ் சின்ன வயதிலிருந்து தினமும் காலையில் காதில் வாங்கிய பழக்கம் அது. லிஸ்பன் பெண்மணிக்கு மட்டும் அது தெரியாது. அவர் அதைக் கேட்டதும் தாய்லாந்தை அணைக்கச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பனி விலகியது. என் தொலைபேசி அடித்தது. நில்மினி. கிசுகிசுத்தாள்.

"ரேணு, திருப்பாதீங்க. பம்பரு! பம்பரு இருக்கு!"

சிங்களத்தில் அப்படிச் சொன்னால் நம் ஊரில் குளவி என்று அர்த்தம். மலைத்தேனீயையும் நாம் குளவி என்றுதானே சொல்கிறோம்.

"எங்க?"

"அன்டெனாவுலதான். கை ரெண்டும் சேருற எடத்துல. நம்ம கொழுந்துச் சாக்கு அளவுக்குத் தொங்குது. நேத்து இல்ல. புதுசா வந்து குந்தியிருக்கு."

புஷ்பராஜ் தொலைபேசியைப் பிடுங்கினான். "கீழ யாராச்சும் இருக்காங்களா?"

"கொழுந்து எடுக்கிறாங்க. நேரா கீழ. நெறைய பேரு."

"அவங்கள அந்தப் பக்கம் போகச் சொல்லு!"

"எப்படிச் சொல்ல? கத்துனா அதுங்க கிளம்பிரும். நான் எப்படிப் பேசுறேன்னு பாருங்க. இறங்கிப் போய்ச் சொல்லிட்டு வர நேரமாகும். சரிவு வேற, ஈரம் வேற."

கடப்புக்குச் சில நிமிடங்களே இருந்தன. கணினித் திரையில் பாணின் புள்ளி இந்து சமுத்திரத்தின் மேல் வந்துகொண்டிருந்தது.

புஷ்பராஜ் என் பக்கம் திரும்பினான். "மெதுவா திருப்புவோம். கொஞ்சங் கொஞ்சமா. அதுங்களுக்கே தெரியாது."

"மோட்டார் கிளம்பும்போது கம்பமே ஒரு ஆட்டம் ஆடும். உனக்குத் தெரியாதா?"

"ஆடுனா ஆடட்டும். எல்லாக் குளவியும் கொட்டுமா?"

குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்கு ஆளை அனுப்பாத லயம் எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. அனுப்பியவர்கள் எல்லாரும் நடந்து திரும்பி வந்ததில்லை. அவனுக்கும் அது தெரியும்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். அவனுடைய அம்மாவும் கொழுந்து எடுப்பவர்தான். ஆனால் அன்று அந்தக் கூட்டத்தில் அவர் இல்லை. வேறு மலையில் இருந்தார். அதுவும் அவனுக்குத் தெரியும். அம்மா அங்கே இருந்திருந்தால் இந்தக் கதையில் சொல்வதற்கு எதுவும் இருந்திருக்காது. யார் வேண்டுமானாலும் அந்த முடிவை எடுத்திருப்பார்கள்.

அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். கீழே தலைத்துண்டுகளும் முதுகுச் சாக்குகளும் தெரிந்தன. யாரோ யாரையோ கேலி செய்து சிரிப்பது மேலே வரை கேட்டது.

"நான் செஞ்ச பூட்டு ரேணு" என்றான், வெளியே பார்த்தபடி. "நான் மடிச்ச நூலு. எரியலன்னா நான்தான் எரிய வைக்கணும்."

"யாரு எரிய வைச்சாலும் எரியும்."

"தயார்னு சொல்லிட்டேனே. எப்படி மாத்திச் சொல்றது? ஏற்கனவே ரெண்டு தடவ கரண்ட் போய் ஏமாத்தியிருக்கோம். இன்னொரு தடவன்னா நம்மகிட்டருந்து பேசுற உரிமைய எடுத்துருவாங்க. அப்புறம் ஹட்டன் சும்மா கேட்டுக்கிட்டு மட்டும்தான் இருக்கும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. நம் நிலையத்தைப் பற்றிய மறுபரிசீலனை ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. நாம் நழுவவிடும் ஒவ்வொரு கடப்பும் அங்கே பேசப்படும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

இன்னொரு யோசனையும் என் தலையில் ஓடியது. அதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒன்று தோன்றும். அன்டெனா கொத்மலைப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பாண் தென்மேற்கிலிருந்து வந்து அந்தப் பக்கமாகத்தான் மறையும். திருப்பாமலே விட்டாலும் கடைசிக் கொஞ்ச நேரம் அது நம் பார்வைக்குள் வரும். வாயை மூடிக்கொண்டு இருந்து, கடைசியில் ஒரே ஒரு கட்டளையை அனுப்பிப் பார்க்கலாம். கிடைத்தால் ஹட்டன் பேசியது என்று இருக்கும். குளவிக் கதை யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அழகான யோசனைதான். ஆனால் அதற்குள் பெரும்பகுதி நேரம் வீணாகும், தாய்லாந்தின் ஒலிபரப்பி அணைந்தே கிடக்கும். நாங்கள் இழுக்கும் ஒவ்வொரு விநாடியும் அவர்களுடைய சூடாகும் நேரத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது.

"புஷ்பு, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்தான்.

"ஏன், லிஸ்பன் கங்காணி அரைப் பேர் போட்டுருவாருன்னு பயமா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு வந்த சிரிப்பு. "போடீ" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்து ஒலிவாங்கியை அழுத்தினான்.

"ஹட்டன் தயாரில்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். எங்கள் அன்டெனாவில் குளவிக் கூடு இருக்கிறது. கீழே பெண்கள் வேலை செய்கிறார்கள். எங்களால் திருப்ப முடியாது."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஏன் முதலில் தயார் என்றீர்கள் என்ற கேள்விக்கு மனத்துக்குள் பதில் தேடிக்கொண்டிருந்தான் என்று பிறகு சொன்னான்.

அந்தக் கேள்வி வரவே இல்லை.

"நன்றி, ஹட்டன்" என்றார் அவர். "தாய்லாந்து, சூடாக்குங்கள். நீங்கள் பேசுகிறீர்கள். ஹட்டன், உங்களால் இப்போது என்ன முடியும்?"

நான் இத்தனை காலம் இந்த வேலையில் கற்றுக்கொண்டதில் பாதி அந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. முடியாதது என்ன என்று நாங்கள் சொல்லியாகிவிட்டது. அதைத் தோண்ட அவருக்கு நேரமில்லை, விருப்பமும் இல்லை. மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டார். நிலவுக்கும் செவ்வாய்க்கும் இத்தனை நாடுகள் சேர்ந்து போகின்றன என்று நாம் பெருமையாகப் பேசுகிறோமே, அது நடப்பது இப்படிப்பட்ட கேள்விகளால்தான் என்பது என் எண்ணம். கொடிகளும் கைகுலுக்கல்களும் பிறகு புகைப்படத்துக்கு வரும்.

"திருப்பாமல் கேட்க முடியும்" என்றான் புஷ்பராஜ். "மறையப்போகும் நேரத்தில், கொஞ்சம்."

"அப்படியென்றால் கேளுங்கள்."

பாண் நம் தலைக்கு மேலே வந்து, நாங்கள் ஒன்றும் செய்யாமலே கடந்து போனது. சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அன்று தெரிந்துகொண்டேன். தாய்லாந்துக்காரர் குரல் வந்தது. சூடாகிவிட்டது என்றார். முதல் கட்டளை அனுப்பினேன் என்றார். பதில் இல்லை. இன்னொன்று. பதில் இல்லை. அவர்கள் நிலையம் ஒரு பெரிய நகரத்துக்குள் இருக்கிறது. சுற்றிலும் மின்சாரச் சத்தம். பாண் பதில் சொல்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்றார். அந்த வானொலிப் பகுதியைச் செய்தவர் அவர்தான்.

எங்கள் பக்கத்தில் நகரமும் இல்லை, சத்தமும் இல்லை. நீர்த்தேக்கமும் மலையும்தான்.

திரையின் கீழே மெல்லிய கோடு ஒன்று தெரிய ஆரம்பித்தது. பாண் எங்கள் அசையாத அன்டெனாவின் பார்வைக்குள் நுழைந்திருந்தது. பட்டினியில் இருக்கும்போது அது நீண்ட இடைவெளி விட்டுத்தான் ஒலிக்கும். ஒரு ஒலி. பிறகு நீண்ட அமைதி. பிறகு ஒரு ஒலி. புஷ்பராஜ் காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான்.

திடீரென்று ஒலிகள் நெருங்கி வந்தன. ஒன்றையொன்று துரத்துவது போல.

தகடு திறந்து வயிறு நிறைந்தால்தான் அது அப்படிப் பேசும். அப்படித்தான் எழுதி வைத்திருந்தோம்.

அவன் நாற்காலியிலிருந்து எழும்பினான். வாய் முழுக்கத் திறந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் குளவிக் கூடு தொங்கிக்கொண்டிருந்ததே! என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிக்கொண்டு கிசுகிசுத்தான். "தொறந்துருச்சி. ரேணு, தொறந்துருச்சிடீ."

"ஒலிவாங்கில சொல்லுடா!" என்று நானும் கிசுகிசுத்தேன்.

அவன் அதிலும் கிசுகிசுத்தே சொன்னான். பாண் வேகமாகப் பேசுகிறது, தகடு திறந்துவிட்டது, தாய்லாந்தின் கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது என்று.

"ஹட்டன், நல்ல செய்தியை ஏன் இவ்வளவு மெதுவாகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் ஒருங்கிணைப்பாளர்.

"குளவி" என்றான்.

ஒரு நொடி கழித்து மற்ற நிலையங்களில் எல்லாம் சிரிப்புக் கேட்டது. தாய்லாந்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் மெதுவாக, எங்களைப் போலவே கிசுகிசுத்து, நன்றி என்றார். ஏன் கிசுகிசுத்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நில்மினி சுற்றுவழியில் இறங்கி, கங்காணியிடம் காதோடு காதாகச் சொல்லிவிட்டு வந்தாள். பெண்கள் சத்தமில்லாமல் அடுத்த மலைக்கு நகர்ந்தார்கள். மதியம் அவர்கள் எங்கள் வாசல் வழியாகப் போகும்போது ஓர் அக்கா நின்று கேட்டார்.

"என்னம்மா, இன்னைக்கு ஒங்க ராக்கெட்டு ஆபீஸ் மூடியாச்சா? மோட்டார் சத்தமே காணோம்."

"வேலை நடந்துச்சுக்கா" என்றான் புஷ்பராஜ். "தாய்லாந்துக்காரங்க செஞ்சாங்க."

"அப்ப நீங்க என்னத்த செஞ்சீங்க?"

"கேட்டுக்கிட்டு இருந்தோம்."

"ஆத்தாடி. கேட்டுக்கிட்டு இருக்கிறதுக்கா பேராதனைக்குப் போய்ப் படிச்ச?"

எல்லாரும் சிரித்துக்கொண்டு போனார்கள். அன்று என்ன நடக்கவிருந்தது என்று அவர்களிடம் நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம் கம்பத்தை அன்றே பிடுங்கிப் போட்டிருப்பார்கள், அதுவும் நியாயம்தான்.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். மறுபரிசீலனைக் கூட்டத்தில் அந்தக் காலை பேசப்பட்டது. உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டினார்கள். சரிபார்க்காமல் தயார் என்று சொன்னதற்காகப் பேசும் உரிமையைக் கொஞ்ச காலத்துக்கு எடுத்துவிட்டார்கள். இரண்டும் சரிதான். குளவிகள் தாமாகவே கிளம்பிப் போகும்வரை நாங்கள் கம்பத்தை அசைக்கவில்லை. அவை போன பிறகும் பல வாரங்கள் வெறுமனே கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். புஷ்பராஜ் என்னோடு சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினான்.

அந்தக் கூட்டத்தில் அவன் ஒரு கோரிக்கை வைத்தான். பெயர் கூப்பிடும்போது இரண்டு பதில்தான் இருக்கிறது, மூன்றாவது ஒன்று வேண்டும் என்றான். எங்கள் ஊரில் மேட்டில் ஏறிக்கொண்டே சத்தம் கொடுப்பார்கள் என்று பெரட்டைப் பற்றி விளக்கினான். "வருகிறேன், ஆனால் இன்னும் வரவில்லை என்று சொல்ல ஓர் இடம் கொடுங்கள். இல்லையென்றால் ஆட்கள் வந்துவிட்டேன் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் மட்டுமல்ல, எல்லாரும்." லிஸ்பன் பெண்மணி கொஞ்சம் யோசித்தார். "ஏற்றத்தில் இருக்கிறேன் என்று சொன்னால் போதுமா?" என்றார். அன்றிலிருந்து அதுதான் மூன்றாவது பதில். அதைக் கேட்டால் அவர் அடுத்த நிலையத்தை அணைக்கச் சொல்லமாட்டார். காத்திருப்பார், இரண்டு பேரையும் சூடாகவே வைத்திருப்பார்.

உரிமை திரும்பக் கிடைத்த பிறகு, போன மாதம் இன்னொரு கோளை வெளியே அனுப்பினார்கள். விண்வெளி நிலையத்தில் நடக்கும் பேச்சு எங்களுக்கும் கேட்கும்படி இணைத்திருந்தார்கள். நில்மினி கம்பத்தடியில் அண்ணாந்து நின்றாள். புஷ்பராஜ் அவளுடைய குரலுக்காகக் காத்திருந்தான். பெயர்கள் கூப்பிடப்பட்டன. பிரேசில் தயார் என்றது. தாய்லாந்து, ஏற்றத்தில் இருக்கிறேன் என்றது. பிறகு தரையிலிருந்து மேலே கேட்டார்கள், இயந்திரக் கை தயாரா என்று.

பதில் சொல்ல வேண்டியவர் ஒரு விண்வெளி வீரர். அவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்கு நினைவில்லை. ஏதோ ஒரு கொக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார் போல. யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.

"ஏற்றத்தில் இருக்கிறேன்" என்றார்.

புஷ்பராஜ் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டான். "மெதுவா வாங்க தம்பி" என்றான் கூரையைப் பார்த்து. "அரைப் பேர் போடமாட்டாங்க."